நாற்பத்தொன்றாம் நம்பரின் அபிப்பிராயம்

எங்கள் கிளை நூலகத்தில் கருத்துப் பெட்டி என்று ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் நூலகர் அம்மாள் போன மாதம் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு பஸ் டிக்கெட்டும், கொஞ்சம் வேர்க்கடலைத் தோலும், 'மின்விசிறி சத்தம் போடுகிறது' என்று ஒரு சீட்டும் இருந்தன. நான் அங்கே தினம் பேப்பர் படிக்கப் போகிறவன். "புஸ்தகத்தைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வரி எழுத மாட்டேங்கறாங்களே ஐயா. உங்க காலத்துல நெறைய எழுதுவாங்களாமே?" என்று கேட்டார். எழுதுவார்கள், அதனால் ஒரு கலியாணமே நிற்க இருந்தது என்றேன். அப்படியானால் அதை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டார். வெறும் தாளைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ரயில் நின்றுகொண்டிருந்தது, ஏறினேன். ஜோலார்பேட்டையில் கரி அள்ளினேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் இருந்தபோது மலைக் காய்ச்சல் வந்து பாதித் தலைமுடி போயிற்று. பிறகு ஒரு நாடகக் கம்பெனியில் திரை இழுத்தேன். ராஜபார்ட்டுக்கு வசனம் மறந்தால் பக்கவாட்டில் நின்று எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். ஓசூரில் ஒரு மழைக்காலத்தில் கம்பெனி கலைந்தது. அங்கிருந்து நடந்தே தர்மபுரி வந்தேன். பசி பழகினதுதான், செருப்பு அறுந்ததுதான் கஷ்டமாக இருந்தது. கடைத்தெருவில் ஒரு வாசலில் 'எழுதப் படிக்கவும் சைக்கிள் விடவும் தெரிந்த ஆள் தேவை' என்று அட்டை தொங்கியது. எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது. தெரியும் என்றேன். அந்தப் பொய்க்கு முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆனால் ஒரே வேலையில் நான் அதிக காலம் தங்கியது அங்கேதான். யுத்தம் வந்து காகிதமும் டயரும் கிடைக்காமல் போகிறவரை அங்கேயே இருந்தேன்.

அது ஒரு சுற்று வாசகசாலை, புத்தகங்களைச் சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குவது. நடத்தியவர் சபாபதி சார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டவர். ஒல்லியான ஆள், கோடையிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார், மூக்குப்பொடி போடுவார். நான் சுற்றி முடித்துத் திரும்பினால், மழையா வெயிலா, சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். கையை நீட்டுவார். திரும்பி வந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கமாகத் திறப்பார். அவருக்குப் புத்தகம் கடைசியிலிருந்துதான் ஆரம்பம்.

காரணம் இதுதான். எங்கள் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் எட்டு வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்திருப்போம். படித்தவர்கள் அதில் அபிப்பிராயம் எழுத வேண்டும். பேர் போடக் கூடாது. ஊரும் வாசகர் நம்பரும் மட்டும். 'மொரப்பூர் 17', 'பென்னாகரம் 6' என்று இருக்கும். பேர் இல்லாததால் பெண்கள் பயமில்லாமல் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அதற்கு சார் வைத்த விதிகள் கண்டிப்பானவை. முதலில் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: முழுக்கப் படித்தீர்களா, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அடுத்தவருக்குக் கொடுக்கலாமா. பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டிய பிறகு கைநாட்டு வாங்க வேண்டும். எந்த நம்பர் யார் என்று இன்னொரு வாசகரிடம் மூச்சு விடக் கூடாது.

"திட்டினாலும் எழுதணுமா சார்?" என்று முதல் வாரத்திலேயே கேட்டேன்.

"திட்டினா ரெண்டு தாள் சேத்துத் தெச்சுக்கோ" என்றார்.

அப்போது தர்மபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவே சின்ன ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் சைக்கிளையும் தகரப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய் மொரப்பூர் பக்கத்து ஊர்களைச் சுற்றுவேன். இன்னொரு நாள் பென்னாகரம் சாலை. தீர்த்தமலையில் விசேஷம் வந்தால் மலையடிவாரத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

இப்படி இருக்கையில்தான் அந்த நாவல் வந்தது. 'ஆர்டன் மாளிகை அல்லது மூன்று நிபந்தனைகள்' என்று பேர். யாரோ இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுதியிருந்தார்கள். அந்த நாட்டு ராஜாவுக்குச் சித்தம் கலங்கிப் போய், மகன் ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நடக்கிற கதை. ஒரு பிரபு. மனைவி இறந்துவிட்டாள், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. வீட்டில் பெண் துணை இல்லாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்கிறாள் மாமியார். இன்னொரு பக்கம், முப்பத்து நான்கு வயதாகியும் கலியாணம் ஆகாத ஒரு பெண். அப்பா செத்ததும் வீடு வேறொரு ஆண் வாரிசுக்குப் போகப் போகிறது. பிரபு அவளைத் தேடி வரவில்லை. அவளே வண்டி கட்டிக்கொண்டு அவன் மாளிகைக்குப் போகிறாள். "உமக்கு ஒரு மனைவி வேண்டும், எனக்கு ஒரு கூரை வேண்டும்" என்கிறாள். மூன்று நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறாள். தன் இரண்டு குதிரைகளும் கூட வரும். புத்தக அறையின் சாவி தன்னிடம் இருக்கும். எங்கே போயிருந்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. கடைசியில் பிரபுவுக்கு அவள் மேல் பிரியம் வந்து, அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்கிறான். அவள், "நாளைக்குச் சொல்கிறேன்" என்கிறாள். முற்றிற்று.

அந்த 'முற்றிற்று' என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கடைசிப் பக்கத்தை நான்தான் கிழித்துவிட்டேன் என்று எல்லா ஊரிலும் பிடித்துக்கொண்டார்கள். பென்னாகரம் சந்தைப்பேட்டையில் ஓட்டல் வைத்திருந்தவர், மீதியைச் சொன்னால்தான் இட்லி என்று தட்டை நகர்த்தி வைத்தார். நானே ஒரு முடிவு கட்டிச் சொல்லிச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் அவர் வேறொருவருக்கு அந்த முடிவைச் சொல்ல, அவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, நான் இரண்டு பக்கம் கிழித்ததாகத் தீர்மானித்தார்.

பின்தாள்கள் மூன்றே மாதத்தில் ஏறக்குறைய நிரம்பின. 'இது கலியாணமா, குத்தகையா?' என்று மொரப்பூர் 17 எழுதினார். அவர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஒரு அம்மாள். அதற்குக் கீழே ஒருவர், 'குத்தகை என்றால் கெடு சொல்ல வேண்டும், இதில் கெடு இல்லை, ஆகவே கலியாணம்தான்' என்று எழுதினார். அவர் தாலுகா கச்சேரி குமாஸ்தா என்று நான் சொல்லாமலே தெரியும். 'குதிரைக்கு நிபந்தனை போட்டவள் சமையல் யார் என்று கேட்கவில்லையே' என்று ஓட்டல்காரர் சொல்லி நான் எழுதினேன். ஆணும் பெண்ணும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஆடுகிற அத்தியாயம் ஆபாசம் என்று நாலு பேர் கண்டித்திருந்தார்கள். அந்த அத்தியாயத்துப் பக்கங்கள்தான் அதிகமாக அழுக்காகியிருந்தன. தீர்த்தமலை அடிவாரத்தில், சித்தேரி மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டு வந்த ஒருவரிடம் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "எங்க மலையில பொண்ணு கேட்டுப் போறதுக்கே மாப்பிள்ளை வூட்டுக்காரன் எத்தன நட நடக்கணும் தெரியுங்களா? அவ மூணே மூணு கேட்டிருக்கா. வெவரம் பத்தாது" என்றார். அப்படியே எழுதிக் கைநாட்டு வாங்கினேன்.

இனி நாற்பத்தொன்றாம் நம்பருக்கு வருகிறேன்.

மொரப்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலைக் காட்டுக்கு நடுவே ஒரு வீடு. அங்கே காவேரி என்று ஒரு பெண். வயது முப்பத்திரண்டு. தாய் இறந்தபோது அவருக்குப் பத்து வயது. இரண்டு தம்பிகளையும் இடுப்பில் வைத்து வளர்த்தவர். தகப்பனாரும் போய்ச் சேர்ந்த பிறகு தம்பிகளுக்குக் கலியாணம் செய்து வைத்தார். அதற்குள் அவர் கலியாணத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இப்போது தம்பி மனைவிமாருக்கு அடுப்படியில் மூன்றாவது ஆள் அதிகமாக இருந்தது. அதனால் திடீரென்று ஞாபகம் வந்து, அரூர்ப் பக்கம் ஒரு பெரிய மனிதருக்கு மூன்றாம் தாரமாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

காவேரிக்கு அச்சு எழுத்து படிக்க வரும். எழுத வராது, கையெழுத்தைப் படிக்கவும் வராது. அதனால் அவர் அபிப்பிராயங்களை நான்தான் எழுதுவேன். சாருக்கு மிகவும் பிடித்த நம்பர் அதுதான். ஒரு பக்திக் கதையைப் படித்துவிட்டு, "பகவான் வந்து காப்பாத்தற வரைக்கும் அந்த வூட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டினது யாருன்னு எழுதலியே" என்று சொன்னவர் அவர்.

மூன்று நிபந்தனைகளைப் படித்துவிட்டு, களத்தில் புளி தட்டிக்கொண்டே அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"அந்தப் பொண்ணு மூணு நிபந்தன போட்டா, சரி. மொதல்ல போட வேண்டியத விட்டுட்டா. 'ஒம்புள்ளைக்குச் சோறு போடுவேன், தலை வாருவேன், காய்ச்சல்னா கூடவே உக்காருவேன். ஆனா என்னை அம்மான்னு கூப்பிடச் சொல்லாத'ன்னு சொல்லியிருக்கணும். நான் பத்து வயசுல அம்மா ஆனவ. அம்மாவா இருந்து அலுத்துப் போச்சு. எழுதிட்டீங்களா?"

"எழுதறேங்க" என்றேன்.

எழுதவில்லை. இதை அடுத்தவர்கள் படித்தால் இந்தப் பெண்ணை என்ன நினைப்பார்கள் என்று இரக்கப்பட்டேன். இரக்கத்தோடு நாடகக் கம்பெனி வசனமும் கையில் வந்து சேர்ந்தது. 'அச்சீமாட்டி பிறர் குழந்தையைத் தன் குழந்தையாகவே பாவித்தாள். பெண் பிறவியின் பெருமை இதுவே. நானாக இருந்தாலும் தாயினும் சாலப் பரிந்து அவ்வாறே செய்வேன்' என்று எழுதினேன். படித்துக் காட்ட வேண்டும் அல்லவா? தாளைப் பார்த்துக்கொண்டே, அவர் சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்தேன். அவர் தலையாட்டிக் கைநாட்டு வைத்தார்.

தர்மபுரியில் சார் அந்தப் பக்கத்தில் நின்றார். பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே இரண்டு தரம் படித்தார்.

"நாப்பத்தொண்ணு இப்படிப் பேசினாங்களா?"

"ஆமாங்க சார்."

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா அவங்களுக்கு?"

"நல்லாத்தாங்க இருக்காங்க."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து அந்தப் புத்தகம் பென்னாகரத்துக்குப் போயிற்று. அங்கே மாட்டாஸ்பத்திரியில் முனிரத்தினம் என்று ஒரு கம்பவுண்டர் இருந்தார். நாற்பது வயது. மனைவி மூன்றாவது பிரசவத்தில் குழந்தையோடு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் குழந்தைகள், பெரியவள் சரோஜாவுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஐந்து. அவரும் என் வாசகர்தான், ஆனால் எப்போதும் 'படித்தேன்' என்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுதாதவர். அந்த வாரம் நான் போனபோது ஒரு காளைக்கு வாயில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். மூங்கில் குழாயைக் காளையின் வாயில் விட்டபடியே திரும்பினார்.

"அண்ணே, அந்த மொரப்பூர் நாப்பத்தொண்ணு யாருங்க?"

"சொல்லக் கூடாதுங்களே."

"பேரு வேணாங்க. ஆணா பொண்ணா, அது மட்டும்."

"அதையும் சொல்லக் கூடாதுங்க."

"சரி, வுடுங்க. கலியாணம் ஆயிடுச்சா இல்லியா, அது மட்டும் சொல்லுங்க."

காளையைப் பிடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர், "இன்னும் கொஞ்சம் போனா ஜாதகமே கேப்பாரு போல, சொல்லிடுங்க சாமி, என் மாட்டுக்கு மூச்சு முட்டுது" என்றார்.

பின்தாளைப் பார்த்தேன். என் வரிகளுக்குக் கீழே, 'மொரப்பூர் 41 எழுதியதை நான்கு முறை படித்தேன். இந்தப் புத்தகத்தில் இதுதான் நல்ல பக்கம்' என்று எழுதியிருந்தார். சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் எழுத்தை ஒருவர் நான்கு முறை படித்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது.

வாசகரின் பேரை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதுதானே விதி. சேதியைக் கொண்டுபோகக் கூடாது என்று இல்லையே என்று ஒரு சந்து கண்டுபிடித்து, காவேரியிடம் போய்ச் சொன்னேன். உங்கள் அபிப்பிராயத்தை ஒருவர் பாராட்டியிருக்கிறார், இரண்டு பெண் குழந்தைகள், மனைவி இல்லை, நல்ல மனிதர், யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்றேன்.

காவேரி புளி தட்டுகிற கட்டையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு புள்ள இருக்கிறவரா? நான் சொன்னத நாலு வாட்டி படிச்சாரா?"

"ஆமாங்க."

"அம்மான்னு கூப்பிடச் சொல்லாதன்னு சொன்னேனே, அதையா நல்ல பக்கம்னு எழுதியிருக்காரு?"

அப்போதுதான் நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. வாய் மட்டும் பழக்கத்தில், "ஆமாங்க" என்றது.

"அப்படி ஒரு மனுசன் இருக்காரா ஒலகத்துல!" என்று அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "பேரச் சொல்லுங்க. எங்க மாமன அனுப்பறேன்."

விதியை மறந்து பேரையும் ஊரையும் சொன்னேன். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. காவேரியின் தாய்மாமன் பென்னாகரம் போய் வந்தார். இரண்டு பக்கமும் கொள்வினை கொடுப்பினை உள்ள வகையறாதான் என்று தெரிந்தது. தம்பி மனைவிமாருக்கு, பெண் எந்தத் திசையில் போனாலும் சம்மதம்தான். சித்திரையில் தீர்த்தமலையில் சாமி கும்பிடப் போகிற மாதிரி போய், இருவரும் பார்த்துக்கொள்வது என்று நாள் குறித்தார்கள். அரூர்ப் பெரிய மனிதர் மட்டும் விடவில்லை. மலையில் காரியம் ஆகாவிட்டால் மறு வெள்ளிக்கிழமை தாம்பூலத் தட்டோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கம்பவுண்டர் தன் பிள்ளைகளுக்கு அம்மா கிடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அம்மா என்று கூப்பிடச் சொல்லாத ஆள் கிடைத்துவிட்டார் என்று காவேரி நினைத்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் சரி என்றார்கள். நடுவில் நான் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். ஊரைவிட்டே போய்விடலாம் என்றும் தோன்றியது. அது எனக்குக் கைவந்த வேலைதான். பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். ஆனால் மொரப்பூர் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றபோது கால் ஏறவில்லை. திரும்பிப் போய்ச் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டு முடித்து, ஒரு சிட்டிகை பொடி போட்டு, தும்மி, துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"தாயினும் சாலப் பரிந்து. புளி தட்டற பொம்பள பேசற பேச்சா அது? அன்னைக்கே தெரியும் எனக்கு. நீயே சொல்லுவேன்னு இருந்தேன். என் தப்பும்தான்" என்றார். பிறகு பேனாவை என் முன்னால் தள்ளினார். "அதே பக்கத்துல, கம்பவுண்டர் வரிக்குக் கீழ எழுது. அவங்க சொன்னது சொன்னபடி. இன்னைய தேதி போடு. மேல இருக்கிறது நான் மாத்தி எழுதினதுன்னு உன் பேரப் போடு."

"மேல இருக்கிறத அடிச்சிடட்டுங்களா சார்?"

"அடிக்காத. பொய்யும் இருக்கட்டும். ரெண்டையும் படிச்சாத்தான் தெரியும்."

எழுதினேன். அச்சுப்போல ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுதச் சொன்னார், காவேரி தானே படிக்கட்டும் என்று. எழுதி முடித்ததும் பென்னாகரம் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன். சார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போற? மொதல்ல மொரப்பூர். அது அவங்க பேச்சு. காட்டுன்னு அவங்க சொன்னா எடுத்துட்டுப் போ. வேணாம்னா இங்க கொண்டு வந்துடு."

காவேரி கிணற்றடியில் இருந்தார். பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டி, தன் வார்த்தைகளைத் தானே படித்தார். மேலே இருந்த என் கையெழுத்தை நான் படித்துக் காட்டினேன், இந்தத் தடவை உள்ளபடியே. மாடுகள் இறைத்த கவலைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க மாத்தினீங்க?"

"நல்லா இருக்கட்டும்னுதாங்க."

"யாருக்கு?"

அவர் அந்தப் பக்கத்தில் இன்னொரு தரம் விரலை வைத்தார்.

"இத எடுத்துட்டுப் போயிக் காட்டினா அந்த மனுசன் வேணாம்னு சொல்லிடுவாரு. வெள்ளிக்கெழம அரூர்க் கெழவன் வந்து உக்காருவான்" என்றார். "காட்டாம வுட்டா, ஆயுசு முழுக்க நீங்க எழுதினவளா நான் நடிக்கணும். அதுக்குக் கெழவனே மேல். அவன்கிட்ட நடிக்க வேண்டியதில்ல." புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். "காட்டிட்டு வாங்க. போற வழியில இன்னொண்ணு எழுதிடாதீங்க."

பென்னாகரத்துக்கு வெயிலில் மிதித்துப் போனேன். கம்பவுண்டர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் படித்தார். சோற்றில் இருந்த கை அப்படியே காய்ந்துபோகிற வரைக்கும் படித்தார்.

"அப்ப நான் நாலு வாட்டி படிச்சது உங்களையாங்க?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க."

"உங்களக் கட்டிக்க முடியாதுங்களே" என்றார். சிரிக்கவில்லை. எழுந்து கையைக் கழுவினார். "புள்ளைங்களுக்கு ஒரு அம்மா வேணும்னுதானேங்க நான் இதுக்கு ஒத்துக்கிட்டேன். மாமன்கிட்ட சொல்லிடுங்க. அவங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. மலைக்கு நான் வரலைன்னு சொல்லிடுங்க."

நான் சைக்கிளை எடுக்க வெளியே வந்துவிட்டேன். புத்தகம் உள்ளேயே இருந்துவிட்டது. அதற்குத் திரும்பினேன். பெரியவள் சரோஜா சுவரில் சாய்ந்து, அதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கலியாணப் பேச்சு தொடங்கிய நாள் முதல் அவள் யாரோடும் பேசவில்லை என்று கம்பவுண்டரே முன்பு என்னிடம் வருத்தப்பட்டிருந்தார். மேலே இருந்த என் வரிகளை அவளும் ஏற்கெனவே படித்திருந்தாள். இப்போது கீழே இருந்ததைச் சத்தம் போட்டுப் படித்தாள். சோறு போடுவேன், தலை வாருவேன், காய்ச்சல்னா கூடவே உக்காருவேன். ஆனா என்னை அம்மான்னு கூப்பிடச் சொல்லாத. படித்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள்.

"அப்பா, இவங்க வரட்டும்" என்றாள்.

கம்பவுண்டர் அவளைப் பார்த்தார். "இன்னாடி சொல்ற? அம்மாவா இருக்க மாட்டேங்கறாங்க."

"அதனாலதான் சொல்றேன்" என்றாள். "மேல எழுதியிருக்கறவங்க வந்தா நான் கெணத்துல வுழுவேன்னு பாப்பாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். இவங்க வந்தா எங்கம்மா எங்கம்மாவாவே இருப்பாங்க இல்ல?"

கம்பவுண்டர் கழுவிய கையைத் துடைக்காமலே நின்றார். தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு தாழ்ந்த குரலில், "அப்ப அவங்கள என்னன்னு கூப்பிடுவ?" என்று கேட்டார்.

"அது அவங்களத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க போயிக் கேட்டுட்டு வாங்க மாமா. அவங்க சொன்னத மட்டும் சொல்லுங்க. நீங்களா ஒண்ணு கொண்டாந்துடாதீங்க."

மறுநாளே மொரப்பூர் போனேன். அந்த வருஷத்தில் எத்தனை தடவை அந்தச் சாலையில் மிதித்தேன் என்று என் முட்டிக்குத்தான் தெரியும். காவேரியிடம் நடந்ததைச் சொன்னேன். பெரியவள் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன், கிணற்றில் விழுவேன் என்றதையும் சேர்த்து. அவர் முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"என்னன்னு கூப்பிடறதுன்னு கேக்கறாளா?"

"ஆமாங்க."

அவர் யோசித்துச் சொன்னார். நான் ஒரு துண்டுத் தாளில் அச்சுப்போல எழுத்து எழுத்தாக எழுதினேன். உரக்கப் படித்தேன். பிறகு தாளை அவரிடம் கொடுத்து, அவரே விரல் வைத்துப் படிக்கிறவரை காத்திருந்தேன். மைப்பெட்டியைத் திறந்து கைநாட்டு வைக்கச் சொன்னேன்.

"இத்துனூண்டு சேதிக்குக் கைநாட்டாங்க?"

"அந்தப் பொண்ணு என்னை நம்பாதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை அழுத்தினார். தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'காவேரின்னே கூப்பிடட்டும். கூப்பிட்டா வருவேன்.'